யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? இங்கிலாந்தின் நோயாளித் தரவு அனுமதிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜனவரியில் இங்கிலாந்தில் சுமார் 2.65 கோடி வீடுகளுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் போனது. பெயரும் முகவரியும் இல்லாத தாள். பீட்சா கடை நோட்டீஸ், பழைய ஜன்னலை மாற்றித் தருகிறோம் என்ற விளம்பரம் இவற்றோடு சேர்ந்து கதவுத் துவாரம் வழியாக மிதியடிமேல் விழுந்தது. பலர் பார்க்காமலே குப்பையில் போட்டார்கள். அடுத்த மாதம் பிபிசி எடுத்த கருத்துக் கணிப்பில், அப்படியொரு தாள் வந்த ஞாபகம் இருக்கிறது என்று சொன்னவர்கள் பத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. விளம்பரத் தாள் எதுவும் வேண்டாம் என்று அஞ்சல் நிறுவனத்திடம் எழுதிக்கொடுத்திருந்த வீடுகளுக்கு இது போய்ச் சேராது என்ற புகாரும் கிளம்பியது.

தாளில் இருந்த செய்தி சாதாரணமானதல்ல. உங்கள் குடும்ப மருத்துவரிடம் இருக்கும் குறிப்புகளை ஒரு மைய அமைப்பு எடுத்து, மருத்துவமனைக் குறிப்புகளோடு கோத்து, ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் தரப்போகிறது. விருப்பமில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதுதான் சாரம். விருப்பமில்லை என்று எழுதிக்கொடுக்கும் படிவம் தாளோடு வரவில்லை. திட்டத்தின் பெயர் 'கேர் டாட் டேட்டா'. அந்தப் பெயரும் தாளில் இல்லை.

ஆனால் சட்டப்படி தேவையான அதிகாரம் எல்லாம் கையில் இருந்தது. அதனால்தான் இந்தக் கதையை எடுத்துக்கொண்டேன். பொதுச் சுகாதாரத் தரவை ஆய்வுக்கு வாங்குவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நாம் வழக்கமாகப் படிவங்களின் பட்டியலைத்தான் நீட்டுகிறோம். இங்கிலாந்தில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் மூக்குடைபட்ட திட்டங்கள் உண்டு. அதே குறிப்புகளை, அதே மக்களிடமிருந்து, முணுமுணுப்பில்லாமல் பயன்படுத்திக் காட்டிய திட்டமும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அனுமதி எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்காமல் போகிறது என்பது பிடிபடும்.

குறிப்பு யாரிடம், பூட்டு யாரிடம்

நம் ஊரில் ஓபி சீட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் மஞ்சப்பையில் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். அங்கே எல்லாம் குடும்ப மருத்துவரின் கணினியில் தங்கிவிடும். அனேகமாக எல்லோருமே ஏதாவது ஒரு மருத்துவரகத்தில் பதிந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் 10 இலக்கத்தில் ஒரு என்எச்எஸ் (தேசிய சுகாதார சேவை) எண். கடைசி இலக்கம், முந்தைய ஒன்பதும் பிழையில்லாமல் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கு. ஊர் மாறினால் குறிப்பும் பின்னாலேயே போகும். போட்ட தடுப்பூசி, ஏறிய இரத்த அழுத்தம், நிறுத்திய மாத்திரை, கருக்கலைப்பு, குடிப்பழக்கம், கணவன் அடித்தான் என்று ஒருநாள் அழுதது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். தேசிய சுகாதார சேவை 1948-இல் தொடங்கியது. இத்தனை பேரைப் பற்றி இவ்வளவு முழுமையாகத் தரவு கிடைக்கும் நாடு உலகில் மிகக் குறைவு. ஆராய்ச்சியாளர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறுவது இயல்புதான்.

இதற்குப் பூட்டு இரண்டு. ஒன்று தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது ஆய்வுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வழிவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் படித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது பூட்டு எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஒரு பிரிவாக இல்லாதது. நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த ரகசியம் காக்கும் கடமை. மருத்துவரை நம்பிச் சொன்னதை, சொன்னவரின் சம்மதம் இல்லாமல் அவர் இன்னொருவருக்குத் தரக்கூடாது. முதல் பூட்டின் சாவி இரண்டாவதுக்குச் சேராது.

இந்த இரண்டாவது பூட்டு 2000 வாக்கில் ஒரு நெருக்கடியைக் கொண்டுவந்தது. புற்றுநோய்ப் பதிவேடுகள் பல பத்தாண்டுகளாக நோயாளிகளை ஒவ்வொருவராகக் கேட்காமலே விவரம் சேர்த்துவந்தன. மருத்துவர்களின் ஒழுங்குமுறை மன்றம், சம்மதம் இல்லாமல் அடையாளத்தோடு தகவல் தருவது சரியல்ல என்ற பொருளில் வழிகாட்டுதல் வெளியிட்டதும் மருத்துவர்கள் தயங்க ஆரம்பித்தார்கள். இன்றைக்குத்தான் புற்றுநோய் என்று கேட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருப்பவரிடம் பதிவேட்டுப் படிவத்தை எப்படி நீட்டுவது? கேட்க முடியாதவர்களையும் கேட்க மறந்தவர்களையும் விட்டுவிட்டால் பதிவேடு ஓட்டை விழுந்த சல்லடை ஆகிவிடும். அதனால் 2001-இல் சட்டத்தில் ஒரு வாசல் வைத்தார்கள். இன்று அது 2006 தேசிய சுகாதார சேவைச் சட்டத்தின் 251-ஆம் பிரிவு. பொதுநலன் இருந்து, சம்மதம் வாங்குவது நடைமுறையில் முடியாது என்றும் நிறுவினால், அந்தக் கடமையைக் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் தள்ளிவைக்கலாம். அங்கே ஆராய்ச்சியாளர்கள் 'டூ ஃபிஃப்டி ஒன் வாங்கியாச்சா?' என்று கேட்டுக்கொள்வது இதைத்தான்.

விண்ணப்பத்தைக் கேள்வி கேட்பது ரகசியத்தன்மை ஆலோசனைக் குழு. சுருக்கமாக சிஏஜி. மருத்துவர், புள்ளியியலர் இவர்களோடு எந்த மருத்துவப் பட்டமும் இல்லாத பொதுமக்களும் அதில் உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வு விண்ணப்பம் என்றால் குழு ஆலோசனை சொல்லும், முடிவெடுப்பது சுகாதார ஆய்வு ஆணையம். நெறிமுறைக் குழு இதிலிருந்து தனி. அதன் ஒப்புதலும் வேண்டும், இதுவும் வேண்டும்.

குழு கேட்கும் கேள்விகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஐந்து லட்சம் பேரின் மருத்துவரகக் குறிப்பையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் கோக்க வேண்டும் என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏன் சம்மதம் வாங்கவில்லை? 'ரொம்பப் பேர், செலவாகும்' என்பது மட்டும் போதாது. இறந்துபோனவர்கள் எத்தனை பேர், சம்மதித்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் முடிவு எப்படிக் கோணலாகும் என்று காட்ட வேண்டும். பிறந்த தேதி எதற்கு, மாதமும் ஆண்டும் போதாதா? முழு அஞ்சல் குறியீடு எதற்கு? இந்தக் கேள்வியின் கூர்மை வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. நம் ஊர் பின்கோடு ஒரு பெரிய வட்டாரத்தையே குறிக்கும். அங்கே ஒரு அஞ்சல் குறியீட்டுக்குள் சராசரியாக 15 முகவரிகள்தான் இருக்கும். அதோடு பிறந்த தேதியும் சேர்ந்தால் பெயரை அழித்ததற்கு அர்த்தமே இல்லை. அந்தப் பகுதியின் வறுமை நிலையைத் தெரிந்துகொள்ளத்தான் குறியீடு வேண்டும் என்றால், வேறொருவர் அதை வறுமைக் குறியெண்ணாக மாற்றி உங்களுக்குத் தந்தால் போதுமே? அடையாளங்களை எந்தத் தேதியில் அழிப்பீர்கள்? இந்த ஆய்வைப் பற்றி நோயாளிகள் யாரிடமாவது பேசினீர்களா? அவர்கள் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்பு எங்கே வைப்பீர்கள்? வேண்டாம் என்று சொன்னவர்களை எப்படி நீக்குவீர்கள்?

இவ்வளவும் தாண்டி வந்த பிறகும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 251 என்பது 'தரலாம்' என்ற அனுமதி. 'தந்தே ஆக வேண்டும்' என்ற ஆணை அல்ல. குறிப்புக்குச் சட்டப் பொறுப்பாளர் அந்தந்த மருத்துவரகம். மருத்துவர் கைவிரித்துவிட்டால் கையில் இருக்கும் கடிதத்தைக் கண்ணாடி ஃபிரேம் போட்டு மாட்டிவைக்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான மருத்துவரகங்களைத் தனித்தனியாகக் கேட்டு நடந்த ஆய்வாளர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடும், சிலருக்கு ஆராய்ச்சி நிதியே தீர்ந்துவிடும். ஆனாலும் கேள்விகள் சரியான கேள்விகள் என்பது என் எண்ணம். பதில் சொல்ல ஆகும் காலத்தில்தான் கோளாறு.

குறுக்கு வழியில் போன பெரிய வண்டி

கேர் டாட் டேட்டாவுக்கு இந்தச் சுற்று எதுவும் தேவைப்படவில்லை. 2012-இல் வந்த சுகாதாரச் சட்டம், குடும்ப மருத்துவர்களிடமிருந்து தரவைக் கட்டாயமாகப் பெறும் அதிகாரத்தை ஒரு தேசிய தகவல் மையத்துக்குக் கொடுத்துவிட்டது. சம்மதமும் வேண்டாம், 251-உம் வேண்டாம். மறுப்பவர்களின் வேண்டுகோளை மதிப்போம் என்பதுகூடச் சட்டக் கட்டாயமாக இல்லாமல் அமைச்சர் கொடுத்த வாக்குறுதியாகத்தான் இருந்தது. மிச்சமிருந்தது மக்களிடம் சொல்வது ஒன்றுதான். அதற்குத்தான் அந்தத் துண்டுப்பிரசுரம்.

மருத்துவர் சங்கமும் குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் பொறுங்கள் என்றன. பிப்ரவரி 18 அன்று ஆறு மாதம் தள்ளிவைப்பதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம் இன்னொரு செய்தி வெடித்தது. காப்பீட்டுக் கணக்கியலாளர்களின் சங்கம் ஒன்று, 4.7 கோடி நோயாளிகளின் 13 ஆண்டு மருத்துவமனைக் குறிப்புகளைச் சில ஆண்டுகளுக்கு முன்பே வாங்கியிருந்தது. விலை சுமார் 2,200 பவுண்டு. நடுத்தரமான பழைய கார் ஒன்றின் விலை. அந்தத் தரவை வைத்துக் கடும் நோய்க்கான காப்பீட்டுக் கட்டணத்தை எப்படித் திருத்தலாம் என்று ஆராய்ந்திருந்தார்கள். அதில் பெயர் இல்லை, முகவரி இல்லை, சட்ட மீறலும் இல்லை என்றார்கள். ஆனால் 'ஆராய்ச்சிக்குத்தானே' என்று நினைத்திருந்த மனிதருக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனவர், அவர்கள் அதை வாடகைக்கு விட்டிருப்பதைக் கண்டுபிடித்தது போலத்தான்.

ஜூனில், இந்த மையத்துக்கு முன்பிருந்த தகவல் மையத்தின் கணக்கைத் தணிக்கை செய்த அறிக்கை வந்தது. 2005 முதல் 2013 வரை 3,059 முறை தரவு வெளியே போயிருந்தது. சிலவற்றில் ஒப்பந்தக் காகிதம் சரியில்லை. இரண்டில், தரவு யாருக்குப் போனது என்றே சொல்ல முடியவில்லை. அப்புறம் இன்னொன்றும் தெரியவந்தது. என் தரவை வெளியே தரவேண்டாம் என்று எழுதிக்கொடுத்த சுமார் 7 லட்சம் பேரின் வேண்டுகோள் நிறைவேற்றப்படவே இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த வகை மறுப்பை அப்படியே செயல்படுத்தினால் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிடும் கடிதங்கள்கூட நின்றுபோகலாம் என்று அப்போதுதான் உறைத்தது. மறுப்பின் சொற்களை யோசிக்காமல் எழுதிவிட்டு, லட்சக்கணக்கானவர்களிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார்கள்.

நடுவில் 2014-இலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். சுகாதாரச் சேவைக்கோ சுகாதார மேம்பாட்டுக்கோ பயன்படும் என்றால்தான் இனி தரவு தரலாம் என்றார்கள். காலம் கடந்திருந்தது. 2016 ஜூலை 6 அன்று திட்டத்தை மூடுவதாக அமைச்சர் எழுத்துமூலம் அறிவித்தார். அன்றைக்குத்தான் ஈராக் போர் பற்றிய சில்காட் அறிக்கையும் வெளிவந்தது. தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு திட்டத்தைச் சத்தமில்லாமல் அடக்கம் செய்ய அதைவிட வசதியான நாள் அந்த ஆண்டில் அமைந்திருக்காது.

நோயாளித் தரவின் பாதுகாப்பு, சம்மதம், மறுப்பு பற்றி அன்றே சில பரிந்துரைகளும் வெளிவந்தன. அவற்றை எழுதியவர் ஃபியோனா கால்டிகாட், மனநல மருத்துவர். 1997-இல் அவர் தலைமையிலான குழுதான் நோயாளித் தகவலுக்கு ஆறு கொள்கைகளை வகுத்தது. 2013-இல் ஏழாவது ஒன்றைச் சேர்த்தார். தகவலைப் பகிரும் கடமை, ரகசியம் காக்கும் கடமைக்கு நிகராக முக்கியமாக இருக்கலாம் என்பது அதன் பொருள். பூட்டிவைக்கச் சொல்லும் கட்சிக்காரர் அல்ல அவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

'நேரடி சிகிச்சை' என்ற இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. 2015-இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனை சுமார் 16 லட்சம் நோயாளிகளின் விவரங்களை கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டுக்குக் கொடுத்தது. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டு எச்சரிக்கும் செயலியைச் சோதிக்க. நோயாளியைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கிடையே தகவல் போவதற்குத் தனிச் சம்மதம் தேவையில்லை, அது புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. அந்தக் கணக்கில் இதையும் சேர்த்தார்கள். ஆனால் அந்த 16 லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் சிறுநீரகத்துக்காக வந்தவர்களே அல்ல. சோதனை வேறு, சிகிச்சை வேறு என்று கால்டிகாட் எழுதினார். மருத்துவமனை சட்டத்தைப் பின்பற்றவில்லை என்று தகவல் ஆணையர் 2017 ஜூலையில் சொன்னார். செயலி பயனுள்ளது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

பெயரை அழித்தால் போதுமா

எல்லாத் திட்டமும் சொன்ன சமாதானம் ஒன்றுதான்: பெயரை எடுத்துவிட்டோம். இது ஏன் போதாது என்பதை விளக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர் பென் கோல்டேக்கர் சொல்லும் உதாரணத்துக்குப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. அப்போதைய பிரதமர் டோனி பிளேருக்கு இதயத் துடிப்பு முறை தவறி, 2003 அக்டோபர் 19 அன்று லண்டன் மருத்துவமனையில் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்தார்கள். ஓராண்டு கழித்து, 2004 அக்டோபர் 1 அன்று, அதே கோளாறுக்கு ஒரு சிகிச்சை. இரண்டும் செய்தித்தாளில் வந்தவை. பெயரில்லாத தேசியக் கோப்பை ஒருவர் திறந்து, ஆண், வயது 50, லண்டன், இந்தத் தேதியில் இந்தச் சிகிச்சை, அந்தத் தேதியில் அந்தச் சிகிச்சை என்று தேடினால் எத்தனை வரி வரும்? அனேகமாக ஒன்றே ஒன்று. அந்த வரியைப் பிடித்துவிட்டால், செய்தித்தாளில் வராத அவருடைய மற்ற வியாதிகளும் அதே கோப்பில் வரிசையாக நிற்கும்.

பிரதமருக்குத்தான் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாதம் குழந்தை பிறந்தது, எந்த ஆண்டு கால் முறிந்தது என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். குறிப்பு எவ்வளவு முழுமையோ அவ்வளவு எளிதாக ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆய்வுக்கு அதை மதிப்புள்ளதாக்குவதும் அந்த முழுமைதான். ஆகவே கோப்பைப் படியெடுத்து ஒருவர் கையில் கொடுக்கும் முறை இருக்கும்வரை அனுமதிக் குழுவுக்குக் கேட்க ஒரே கேள்விதான் மிஞ்சும்: இந்த ஆளை நம்பலாமா? அந்தக் கேள்விக்குப் படிவத்தால் பதில் சொல்ல முடியாது.

2020: தரவு நகரவில்லை, நிரல் போனது

2020 மார்ச். கோவிட் யாரைக் கொல்கிறது, ஏன் என்று தெரியாத நாட்கள். 2002-ஆம் ஆண்டின் நோயாளித் தகவல் ஒழுங்குவிதிகளில் தொற்றுநோய்க்கென்று ஒரு விதி இருந்தது. அதை எடுத்து, கோவிட் தொடர்பான காரியத்துக்கு நோயாளித் தகவலைப் பயன்படுத்துமாறு சுகாதார அமைச்சர் அறிவிக்கை அனுப்பினார். ரகசியக் கடமையைக் கோவிட்டுக்காகத் தற்காலிகமாகத் தள்ளிவைத்த அறிவிக்கை. 2022 ஜூன் 30 வரை இருந்தது. பூட்டு திறந்துவிட்டது. அள்ளிக்கொண்டு போக நினைத்தால் போயிருக்கலாம்.

கோல்டேக்கரின் ஆக்ஸ்ஃபோர்டு குழுவும் லண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் அள்ளவில்லை. மருத்துவரகக் கணினி மென்பொருளைத் தரும் பெரிய நிறுவனங்கள் இரண்டு, டிபிபி, எமிஸ். இரண்டுமே லீட்ஸ் நகரத்துக்காரர்கள். கோப்புகள் ஏற்கெனவே அவர்களுடைய தரவு மையத்தில்தான் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும், நாம் எழுதும் நிரல் அங்கே போய் ஓடட்டும் என்று முடிவெடுத்தார்கள். முதலில் டிபிபியோடு. இதுதான் ஓப்பன்சேஃப்லி.

நடைமுறை இப்படி. ஆராய்ச்சியாளர் தன் மேசையில் உட்கார்ந்து எழுதும்போது அவர் முன் இருப்பது போலித் தரவு. உண்மைக் கோப்பின் அதே கட்டங்கள், உள்ளே தாயக்கட்டை உருட்டிப் போட்ட எண்கள். அதில் ஒரு ஆணுக்குக் கர்ப்பம் இருக்கலாம், 4 வயதுக் குழந்தைக்கு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்திருக்கலாம். கவலையில்லை, நிரல் இடறாமல் ஓடுகிறதா என்று பார்க்க அது போதும். ஓடினால் நிரலைத் தரவு மையத்துக்கு அனுப்புவார். அங்கே உண்மைக் குறிப்புகள்மேல் அது ஓடும், ஆள் பார்க்கமாட்டார். வெளியே வருவது அட்டவணையும் வரைபடமும் மட்டும். அவையும் நேராக வராது. பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாகச் சரிபார்ப்பார்கள். ஒரு கட்டத்தில் எண்ணிக்கை 7 அல்லது அதற்குக் குறைவு என்றால் அதை மறைத்துவிட வேண்டும், மற்ற எண்களைப் பக்கத்து ஐந்தின் மடங்குக்கு மாற்ற வேண்டும். இந்த ஊரில் இந்த நோயால் 2 பேர் என்று அச்சானால் அந்த இரண்டு பேர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பதிவேடுதான். யார் எந்த நிரலை எப்போது ஓட்டினார்கள் என்பது எல்லோரும் பார்க்கும்படி வெளியில் இருக்கும். அனுமதிக்கப்பட்ட ஆய்வுகளின் பட்டியலும் பொதுவில். 'ஆஸ்துமா ஆய்வு' என்று சொல்லிவிட்டு ஒருவர் பக்கவாட்டில் வேறெதையாவது நோண்டினால், அவரோடு ஒத்துப்போகாத இன்னொரு ஆராய்ச்சியாளரே எடுத்துக்காட்டிவிடுவார். குழுவின் கேள்வி மாறிவிடுகிறது. இந்த ஆளை நம்பலாமா என்பது போய், இவர் செய்வதை யார் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது.

காகித வேலையை இவர்கள் விட்டுவிடவும் இல்லை. இந்தத் தளத்தில் நடந்த ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் 20/எல்ஓ/0651 என்ற நெறிமுறைக் குழு எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். தரவுப் பொறுப்பாளர் தேசிய சுகாதார சேவை, அவர்கள் சொற்படி தரவைக் கையாளுபவர் மென்பொருள் நிறுவனம், ஆய்வாளருக்கு எந்த அளவு அணுகல், எந்த அறிவிக்கை எந்த விதியின் கீழ் என்று ஒரு நீண்ட பத்தி. பலர் தாண்டிப் போகும் பத்தி அது. அனுமதி விண்ணப்பம் எழுதப் பழகுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

வேலையைத் தொடங்கிய சுமார் ஆறு வாரத்தில், மே 7 அன்று, முதல் முடிவுகள் வெளியாயின. ஜூலையில் நேச்சர் இதழில் வந்த வடிவத்தில் 1,72,78,392 பேர், 10,926 கோவிட் மரணங்கள். வயது, ஆணாக இருப்பது, வறுமை, கட்டுப்படாத சர்க்கரை இவற்றோடு ஆபத்து கூடியது. மற்ற நோய்களையும் வறுமையையும் கணக்கில் எடுத்த பிறகும் தெற்காசியர்களுக்கு ஆபத்து வெள்ளையரைவிடச் சுமார் 1.45 மடங்கு. லண்டனில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் அந்த எண்ணுக்குள் அடக்கம்.

அதே மே மாதம் 22-ஆம் தேதி லான்செட் மருத்துவ இதழில் இன்னொரு பெரிய தரவு ஆய்வு வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையால் மரணம் கூடுகிறது என்ற முடிவு. தரவு சர்ஜிஸ்ஃபியர் என்ற சிறிய அமெரிக்க நிறுவனத்துடையது. நெறிமுறை மறுஆய்வு தேவையில்லை என விலக்குப் பெற்றது என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையை நிறுத்திவைத்தது. ஆஸ்திரேலிய மரண எண்ணிக்கை அந்த நாட்டின் கணக்கைவிட அதிகமாக இருப்பதை ஒருவர் கவனித்தார். மூலத் தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆறு கண்டத்து நோயாளிகளின் குறிப்புகளை யார் கொடுத்தார்கள், யார் அனுமதித்தார்கள் என்று, வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துப்பார்த்த மதிப்பீட்டாளர்களில் ஒருவராவது முதலிலேயே வற்புறுத்திக் கேட்டிருந்தால் இரண்டு வாரக் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

மறுபடியும் அதே படிக்கட்டு

இவ்வளவும் கண்ணெதிரே நடந்த பிறகு, 2021 மே மாதம், குடும்ப மருத்துவர் தரவை மையமாகச் சேர்க்கும் புதிய திட்டம் அறிவிக்கப்பட்டது. எடுக்கத் தொடங்கும் நாள் ஜூலை 1. மறுப்புத் தெரிவிக்கக் கடைசி நாள் ஜூன் 23. ஆறு வார அவகாசம், அதுவும் மருத்துவரகங்கள் தடுப்பூசி போடுவதில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது. மறுப்புப் படிவத்தை நிரப்பி மருத்துவரகத்தில் கொடுக்க வேண்டும். இந்த முறை துண்டுப்பிரசுரம்கூட இல்லை.

செய்தி வாய்வழியாகவும் அலைபேசி வழியாகவும் பரவியது. ஒரே மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் தரவை விலக்கிக்கொண்டார்கள். செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள், பிறகு ஜூலை 19 அன்று தேதியே சொல்லாமல் தள்ளிவைத்தார்கள். மறுப்பவர்களின் ஏற்கெனவே எடுத்த தரவையும் அழிக்க வழி, பாதுகாப்பான ஆய்வுச் சூழல், மக்களிடம் முறையான பிரசாரம் இவை வந்த பிறகுதான் எடுப்போம் என்று மருத்துவர்களுக்குக் கடிதம் போனது. இந்தக் கடிதம் 2014-இலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியது.

விலகிய பத்து லட்சம் பேர் ஆராய்ச்சிக்கு ஒரு நஷ்டக் கணக்கு. விலகுகிறவர்கள் எல்லா வகை மக்களிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. அவர்கள் இல்லாத தரவு கொஞ்சம் கோணிப்போகும், எந்தப் பக்கம் கோணுகிறது என்பதையும் அந்தத் தரவை வைத்தே கண்டுபிடிக்க முடியாது. அவசரப்பட்ட ஒரு மாதத்தின் விலையை, இந்தத் திட்டத்தோடு சம்பந்தமே இல்லாத ஆய்வாளர்களும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே ஆண்டில் பொதுமக்களைத் தேர்ந்தெடுத்து, பெருந்தொற்றுக் காலத் தரவுத் திட்டங்களை விளக்கி, நாள்கணக்கில் விவாதிக்கவிட்ட 'குடிமக்கள் நடுவர் குழு'க்கள் மூன்று நடந்தன. அவர்கள் முன் வைத்த திட்டங்களில் அதிக ஆதரவு கிடைத்தது ஓப்பன்சேஃப்லிக்கு. இத்தனைக்கும் அது ஒரு மனிதரிடம்கூடத் தனியாகச் சம்மதம் கேட்கவில்லை. 2022 ஏப்ரலில் கோல்டேக்கர் அரசுக்குக் கொடுத்த அறிக்கையும் இந்த வழியையே சொன்னது. கோப்பைப் படியெடுத்து அனுப்புவதை நிறுத்துங்கள், ஆய்வாளரைப் பாதுகாப்பான சூழலுக்குள் வரவழையுங்கள், ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கும் அனுமதிக் குழுக்களைக் குறையுங்கள்.

பாதுகாப்பான சூழலுக்குள் வந்தால் எல்லாம் தீர்ந்ததா என்றால், 2025-இல் ஒன்று நடந்தது. லண்டனின் இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் முன்நின்று உருவாக்கிய 'ஃபோர்சைட்' என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி, சுமார் 5.7 கோடி பேரின் அடையாளம் நீக்கிய குறிப்புகளில் பயிற்சி பெறுவதாக மே மாதம் செய்தி வந்தது. தரவு தேசிய சுகாதார சேவையின் பாதுகாப்பான சூழலைவிட்டு வெளியே போகவில்லை. கோவிட் ஆய்வுக்கென்று பெற்ற அனுமதியின் கீழ்தான் செய்கிறோம், எல்லா ஒப்புதலும் இருக்கிறது என்றார்கள். அந்தக் குறிப்புகளில் ஒரு பகுதி, கோவிட்டுக்காக என்று சொல்லிக் குடும்ப மருத்துவர்களிடம் வாங்கியது. மருத்துவர் சங்கமும் ராயல் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் தகவல் தொழில்நுட்பக் குழு, எங்களிடம் யாரும் சொல்லவே இல்லையே, இது கோவிட்டுக்கு எந்த வகையில் சேர்த்தி என்று கேட்டு எழுதியது. விசாரித்து முடியும்வரை பணியை நிறுத்திவைப்பதாக தேசிய சுகாதார சேவை அறிவித்தது.